கரையான் இல்லாத அலமாரி

கரையான் என்று நான் சொன்னது பொய். அந்த அலமாரியில் கரையான் ஏறவே இல்லை. அதில் இருந்தவற்றையெல்லாம் கலைத்தவள் நான். தெரிந்தே கலைத்தேன்.

நான்கு வருடங்களாக இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் என் வீட்டிலேயே, பின்பக்கத்து அறையில் இருக்கிறார். அவரிடம் சொல்லத் துணிவில்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். இதுவும் கோழைத்தனம்தான்... அதையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் கோமதி. என் கணவரின் அக்கா. நான் மைனி என்று கூப்பிடுவேன். பதினேழு வயதில் வந்த ஒரு கடுங்காய்ச்சல் அவருடைய இரண்டு கண்களின் பார்வையையும் கொண்டுபோய்விட்டது. திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மாமனார் தென்காசியிலும் சுற்று ஊர்களிலும் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் மைக்செட் போட்டவர். பார்வை போன மகளை அவர் மூலையில் உட்காரவைக்கவில்லை. ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்று முடிவு செய்வது மைனியின் வேலையாயிற்று.

மாமனார் காலமானதும் குழாய் ஒலிபெருக்கிகளையும் ஆம்ப்ளிஃபையர்களையும் விற்றுவிட்டார்கள். பாட்டுப் போட ஒரு பிளேயரையும், இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் மட்டும் மைனி விற்கவிடவில்லை. முன்னறையில் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற மர அலமாரியில் தட்டுகளையும் கேசட்டுகளையும் தன் கையாலேயே அடுக்கினார்.

அந்த அடுக்கைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

இசைத்தட்டின் ஒவ்வோர் அட்டை உறையிலும் வலது மேல் மூலையில் ஊசியால் நூல் கோத்திருந்தார். ஒரு முடிச்சு இருந்தால் சாமி பாட்டு. இரண்டு இருந்தால் நாதஸ்வரம். மூன்று இருந்தால் சினிமா. அதற்குக் கீழே இன்னொரு நூல், அதில் வேறு கணக்கு. கேசட் பெட்டிகளின் விளிம்பில் பிளேடால் கீறிய வெட்டுகள். விடியற்காலையில் போடுகிறவை கீழ்த்தட்டில் தொடங்கும். தாலி கட்டும் நேரம், பந்தி நேரம், மாப்பிள்ளை பெண் ஊர்வலம் என்று ஒரு கல்யாண நாள் போகிற வரிசையிலேயே அலமாரியும் மேலே ஏறிப் போகும். யாராவது வந்து ஒரு பாட்டின் முதல் இரண்டு சொற்களைச் சொன்னால் போதும். மைனி எழுந்து போவார், விரல்கள் ஒரு முறை ஓடும், தட்டு கைக்கு வந்துவிடும்.

வெளிப்பார்வைக்கு அது அசிங்கமாக இருக்கும். கிழிந்த உறைகள், தொங்கும் நூல்கள், விரிசல் விட்ட பெட்டிகள். ஆனால் வீட்டில் எதையும் தேடாத ஒரே மனுஷி அவர்தான். சாவியைத் தொலைப்பதும் கண்ணாடியைத் தொலைப்பதும் பார்வை உள்ள நாங்கள்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் தூசி தட்டப் போனேன். "அதத் தொடாதட்டி உமா" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, உடனே என் கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலை ஒரு முடிச்சின் மேல் வைத்தார். "கண்ண மூடிட்டுத் தடவிப் பாரு. எத்தனை?"

"ரெண்டு."

"நாதஸ்வரம். பாத்தியா, ஒனக்கும் வருது."

எனவே எனக்குத் தெரியும். அந்த முடிச்சுகள் என்ன என்று இந்த உலகத்தில் மைனிக்கு அடுத்தபடியாக நன்றாகத் தெரிந்தவள் நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை.

என் மகள் வித்யாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய வருடம் அது. கடையத்திலிருந்து ஓர் இடம் வந்தது. நல்ல குடும்பம், பையன் படித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் மனத்தை ஒரே கேள்வி அரித்தது. மைனியைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? குடும்பத்தில் வருகிற நோய் என்று நினைத்துவிட்டால்? காய்ச்சலால் போன பார்வை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தமிழ் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான்...

குற்றாலத்தில் அப்போது நல்ல சீசன். என் கணவரின் சித்தி மகள் செல்வி குடும்பத்தோடு தூத்துக்குடியிலிருந்து வந்து லாட்ஜில் அறை எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு நானே போன் செய்தேன். மைனியையும் மூன்று நாள் கூட வைத்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் கால் மணி நேரம். அவ்வளவு பக்கத்துக்குத்தான் அவரை அனுப்பினேன். ஆனாலும் அதை நாடுகடத்தல் என்றுதான் சொல்ல வேண்டும்.

மைனிக்கு அப்படியொரு சந்தோஷம். "நாலஞ்சு வருசமாச்சுட்டி அருவியில நின்னு" என்று சொல்லிக்கொண்டே துணி எடுத்து வைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ ஏற்றிவிட்டேன். ஆட்டோ திரும்புவதற்குள் நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

பழைய மர அலமாரி இருந்த இடத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட புது அலமாரி அன்று பகலிலேயே வந்து இறங்கியது. வெள்ளை நிறத்தில் புது உறைகளும், கேசட்டுகளுக்குப் புதுப் பெட்டிகளும் முன்பே வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் என் முத்து முத்தான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். அகர வரிசையில் அடுக்கினேன். வித்யா உதவிக்கு வந்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவள் கை நின்றுவிட்டது.

"எம்மா, அத்தை வந்து தேடுவாவளே. நூலு இல்லாம எப்படிக் கண்டுபிடிப்பாவ?"

"எல்லாம் நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒட்டு."

அவள் ஒட்டவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மீதியை நானே செய்தேன். சில உறைகளில் முடிச்சு நூல் தட்டோடு சிக்கியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினேன். அப்போதுதான் போன் அடித்தது. செல்வியின் எண். பேசியது மைனி. பின்னால் அருவியின் இரைச்சல்.

"ஏட்டி உமா, அஞ்சருவியில ரெண்டு தடவை நின்னுட்டேன். சாரல் அடிக்குது பாரு, கேக்குதா? நீ சொல்லலேன்னா இந்தச் செல்விக்கு என் நெனப்பே வந்திருக்காது. நல்லா இருப்பே."

"நல்லா குளிச்சியளா மைனி?" என்று கேட்டேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது. போனை வைத்துவிட்டு அடுத்த நூலை வெட்டினேன். நிறுத்தியிருக்க முடியாதா? முடியும். அந்த நிமிடத்தில்கூடப் பாதிக்கு மேல் பழையபடி இருந்தது.

மறுநாள் பழைய பேப்பர்க்காரர் வந்தார். உறைகளைக் கட்டும்போது ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "டீச்சர், எல்லாத்துலயும் நூலு தைச்சிருக்கே. வேணும்னு வெச்சிருந்ததோ என்னவோ?"

"வேண்டாம். கொண்டு போங்க" என்றேன்.

முன்பின் தெரியாத அவருக்குப் பட்டது. எனக்குப் படவில்லையா என்ன?

ஞாயிற்றுக்கிழமை கடையத்துக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா அலமாரியின் முன்னால் நின்று வியந்தார். "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிய. யாரோட சேகரிப்பு?"

"இவுகளோடதுதான்" என்று என் கணவரைக் காட்டினேன்.

"வீட்டுல வேற யாரெல்லாம் இருக்கிய?"

"நாங்க மூணு பேருதான்."

அதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறவே இல்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பித் தட்டோடு வாசற்படியில் வந்து நின்ற வித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, வயது வித்தியாசம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். நான் எதற்காக அத்தனையும் செய்தேனோ அது இல்லை என்றாகிவிட்டது.

ஆனால் மைனி அதற்கு முன்பே, திங்கட்கிழமையே திரும்பி வந்துவிட்டார். தலையில் எண்ணெய் வாசம். கையில் ஒரு பை மங்குஸ்தான் பழம். "வித்யாவுக்குப் புடிக்கும்லா" என்று என்னிடம் நீட்டினார். பிறகு பழக்கப்படி முன்னறைக்குப் போனார். கையை நீட்டினார். கண்ணாடி தட்டியது.

கதவைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விரல்கள் ஒரு தட்டில் ஓடின. நின்றன. திரும்பவும் முதலிலிருந்து ஓடின.

"என்னட்டி இது... எல்லாம் வழவழன்னு இருக்கு. என் நூலெல்லாம் எங்கன?"

"கரையான் ஏறிட்டு மைனி. அட்டையெல்லாம் அரிச்சுட்டு. அப்படியே விட்டா ரெக்கார்டும் போயிருக்கும். அதான் அவசரமா மாத்திட்டேன்."

தயாராக வைத்திருந்த பொய். வெள்ளிக்கிழமையே தயாராக இருந்தது.

 மைனி ஓர் உறையை உருவி மூலையைத் தடவினார். அதைத் திரும்பச் சொருகப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. நான் வாங்கிச் சொருகினேன். "தட்டு எல்லாம் நல்லாருக்குல்லா? அது போதும்ட்டி. நீ ஒத்தையில கிடந்து கஷ்டப்பட்டிருப்பே" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இதுவரை சொன்னது மூன்று நாள் குற்றம். இனிமேல் சொல்லப்போவது நான்கு வருடக் குற்றம். இரண்டில் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

திரும்பவும் முடிச்சுப் போட்டிருக்கலாம். நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னால் மைனி நூல் கோத்திருப்பார். ஒரு கோடை விடுமுறை போதும். அவரே கேட்டார். "லீவுல ஒக்காருவமாட்டி?" "ஒக்காருவோம் மைனி" என்றேன். முழுப் பரீட்சை விடுமுறை வந்தது. விடைத்தாள் திருத்தும் வேலை என்றேன். அடுத்த வருடம் வித்யாவின் கல்யாண வேலை. அதற்கடுத்த வருடம் அவர் கேட்கவில்லை.

முதலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கூப்பிடுவார். "ஏட்டி உமா, அந்தக் கொடைப் பாட்ட எடுத்துத் தா." "இந்தா வாரேன் மைனி" என்பேன். சோறு வடித்துவிட்டுப் போவேன், துணி காயப்போட்டுவிட்டுப் போவேன். காத்திருப்பார். அந்த முன்னறையில் எத்தனையோ வருடம் நான் அவருடைய ஒழுங்குக்குள் வாழ்ந்திருந்தேன். இப்போது அவர் என் ஒழுங்குக்குள்... எனக்கு அது பிடித்திருந்ததா? இந்தக் கேள்வியை எழுதும்போது கை கூசுகிறது. இல்லை என்று உறுதியாக எழுத என்னால் முடியவில்லை.

மெல்ல மெல்லக் கூப்பிடுவது குறைந்தது. பாட்டு கேட்டு வருகிறவர்களிடம், "உமாட்ட கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லத் தொடங்கினார். என் கணவர், வாயால் சொன்னால் பாடுகிற ஒரு கருவி வாங்கிக் கொடுத்தார். மைனியின் பேச்சு அதற்குப் புரியவில்லை. அவர் ஒன்று கேட்க அது வேறொன்று பாடியது. நான்கைந்து நாளில் அதை அணைத்து வைத்துவிட்டார். பிறகு முன்னறைக்கு வருவதையே விட்டுவிட்டார். முன்பெல்லாம் வீட்டுக்குள் கையை வீசி நடப்பவர், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வயதாகிறது என்கிறார் என் கணவர். நானும் ஆமாம் என்கிறேன்.

வித்யா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். வாரம் ஒரு முறை அத்தையோடு நெடுநேரம் பேசுவாள். என்னிடம் சாப்பாடு, உடம்பு, அவ்வளவுதான். "நீ அத்தைகிட்ட சொல்லிட்டியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் மைனி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அந்த ரெக்கார்டு, கேசட்டு எல்லாம் இனிமே ஒன் சாமான்ட்டி. தம்பிட்டயும் சொல்லிட்டேன். எனக்கப்புறம் ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயிரக் கூடாது பாரு."

"எனக்கு எதுக்கு மைனி?"

"வேற யாருக்குக் குடுக்க? நீதான் அழகா வெச்சிருக்கியாம். வாரவ எல்லாரும் சொல்லுதாவ."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. இனியொரு நேரம் வராது என்றும் தெரிந்தது. "மைனி..." என்றேன். "என்னட்டி?" என்று முகத்தை என் பக்கம் திருப்பினார். நெடுநேரம் காத்திருந்தார்.

"சரி மைனி" என்றேன்.

அவர் சிரித்தார். என் கையை இரண்டு முறை தட்டிக் கொடுத்தார். மழை வரும்போல இருக்கிறது, மாடியில் துணி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"போ, போ, நனைஞ்சிரும்" என்றார்.

மாடியில் துணி எதுவும் இல்லை.