என்னைக் காட்டப் போன பயணங்கள்

உலக யுத்த காலத்தில் எங்கள் வீட்டார் அளவுக்கு ஊர் சுற்றியவர்கள் திருகோணமலையிலேயே இருந்திருக்க மாட்டார்கள். அரிசிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்குக் கூப்பன், பொழுதுபட்டபின் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் கதவில் தட்டு. இந்த லட்சணத்தில் நாங்கள் மட்டும் வண்டில் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம், கிண்ணியாத் துறைக்குப் போனோம். அதுவும் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற வைகாசி, ஆனியில். புத்தியுள்ளவர்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் நேரத்தில் நாங்கள் கட்டுச்சோறும் கையுமாகக் கிளம்புவோம். பார்த்தவர்கள் எங்களைப் பெரிய உல்லாசக்காரர் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பயணங்கள் எல்லாமே என்னைக் காட்டுவதற்காகத்தான். எனக்கு இருபத்தாறு வயதாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்த எடுப்பிலே பொம்பிளை வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெரு முழுக்கக் கதையாகிவிடும். ஆகவே இரண்டு வீட்டாரும் எங்காவது ஓரிடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். சந்தித்தாலும் அறிமுகமில்லாதவர்கள் போல நிற்க வேண்டும். அவர்கள் பார்ப்பார்கள், நாங்கள் பார்க்கப்படுவது தெரியாதமாதிரி கடலையோ கோபுரத்தையோ பார்ப்போம். பொம்பிளைக்கு இதெல்லாம் தெரியக் கூடாதாம். காலையில் அம்மா என்னுடைய மாம்பழ நிறச் சேலையை எடுத்து வெயிலில் போட்டால் எங்கள் மாட்டுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும், எனக்கா தெரியாது?

எங்களிடம் இருந்த நல்ல சேலை அது ஒன்றுதான். சீலைத்துணி கிடைக்காத காலம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதைத்தான் அடையாளமாகச் சொல்லி அனுப்புவது. சொல்லி அனுப்புகிறவள் மாமி, அப்பாவின் தங்கை. துறைமுகத்தில் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கர்மார் வந்து குவிந்தபோது, இந்தச் சண்டையே எனக்காகத்தான் வந்தது என்று மாமி வாய்விட்டுச் சொன்னாள். உலகமெல்லாம் சனம் செத்துக்கொண்டிருக்க, எங்கள் மாமி கல்யாணம் ஆகாத கிளாக்கர்மாரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெறுமனே குடும்பமாகப் போனால் சந்தேகம் வரும் என்று முன்வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவோம். என்னைவிட இரண்டு வயது இளையவள், சின்ன வயதிலிருந்தே என் கூட்டாளி. அவளுக்கு எங்கள் வீட்டுக் கட்டுச்சோறும் பிடிக்கும், பவுடர் அப்பிய என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் பிடிக்கும். அவள் வராவிட்டால் அந்தப் பயணங்களில் நான் ஒருதடவைகூடச் சிரித்திருக்க மாட்டேன்.

கோயில் திருவிழாவுக்குப் போனோம். வெளிச்சம் காட்டக் கூடாதென்று சாமியை இருட்டுமுன் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது இருட்டினபின். கிண்ணியாத் துறைக்குப் போனோம். அக்கரையிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் அவனுடைய தமையனும் தோணியில் வருவதாக ஏற்பாடு. பட்டாளத்து லொறிகளை ஏற்றுவதற்காகத் துறையையே மறித்துவிட்டார்கள். வெயிலில் காய்ந்து காய்ந்து நின்றோம். அக்கரையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன, அவர்கள்தான் என்றாள் மாமி. இரண்டு நாள் கழித்து அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பதில் வந்தது. புள்ளி அளவு தெரிந்த என்னில் என்ன குறையைக் கண்டார்களோ, அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. வேண்டாம் என்பதைப் பெரும்பாலும் யாரும் வாயால் சொல்வதில்லை. மாமி ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், எங்கள் பக்கம் வராவிட்டால் அதுதான் பதில். அம்மா சேலையை மடித்து அலுமாரியில் வைப்பாள். அந்த அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். சந்தைக்கு ஓட்டிப்போய் விலைபோகாமல் திரும்பி வந்த மாட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கையை ஓங்கினாள், அடிக்கவில்லை.

பிறகு ஒரு பங்குனிக் கடைசியில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்தது. துறைமுகமும் சீனன்குடாவும் எரிந்தன. ஊரே காலியானது. நாங்கள் தம்பலகாமத்தில் சொந்தக்காரர் வீட்டு ஓலைக் கொட்டில் மாலுக்குள் மாதக்கணக்கில் கிடந்தோம். கிளாக்கர்மாரும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று யாழ்ப்பாணத்துக்கு ஓடிவிட்டார்கள். அப்பாடா, என்னைக் காட்டுகிற தொல்லை விட்டது என்று நினைத்தேன். அடுத்த வருசம் சனம் திரும்பியது, கிளாக்கர்மாரும் திரும்பினார்கள், மாமியும் திரும்பினாள்.

அந்த ஆனியில்தான் கன்னியாவுக்குப் போனோம். வெந்நீர்க் கிணறுகளில் குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, பொழுதுபடத் திரும்புவதாகத் திட்டம். மாப்பிள்ளை கடற்படைச் சாமான் களஞ்சியத்தில் கிளாக்கர். தாய் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாலையூற்றில் தன் தமையன் வீட்டில் நிற்கிறா. அவர்களும் பத்துப் பன்னிரண்டு பேராக, பெரிய சோற்றுக் கிடாரம், சட்டி எல்லாம் கொண்டு, தற்செயலாக அங்கே வருவார்கள். நான் முதலில் பழைய துணியோடு குளித்துவிட்டு, மாம்பழச் சேலையை உடுத்துக்கொண்டு, பிள்ளையாரைக் கும்பிடப் போகிற சாக்கில் அவர்களைத் தாண்டி நடக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

நானும் முன்வீட்டுப் பிள்ளையும் ஒரு கிணற்றடியில் நின்று தலையில் வெந்நீரை வார்த்துக்கொண்டிருந்தோம். சேலைகளைப் பக்கத்துச் செடிப் பற்றையில் போட்டிருந்தோம். திடீரென்று மரத்து உச்சியைத் தொடுகிறமாதிரி ஒரு விமானம் வந்தது. முந்தின வருசத்துப் பயம் யாரை விட்டது! ஐயோ அம்மா என்று சனம் சிதறியது. அவள் கைக்கு அகப்பட்ட சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கம் காட்டுக்குள் பாய்ந்தாள். நான் மார்புக்கு மேல் கட்டிய ஈரக் குறுக்குக்கட்டோடு மற்றப் பக்கம் ஓடினேன்.

ஓடின இடத்தில் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கிடாரத்தில் சோறு கொதித்துத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் போட்டது போட்டபடி ஓடியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஓடாமல், புகைக்குள் குனிந்து, கிடாரத்தின் ஒரு காதைச் சாக்குத்துண்டால் பிடித்துத் தனியாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாப்பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். கூப்பன் அரிசிச் சோறு கருகுவதை நின்று பார்க்க என்னால் ஏலாது. ஈரத் துணியின் தலைப்பால் மற்றக் காதைப் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி ஒரு மரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம்.

“மெல்ல, மெல்ல வையுங்கோ,” என்றார்.

அவ்வளவுதான் அவர் பேசினது. உயிருக்குப் பயந்து ஊரே ஓடும்போது பத்துப் பேருடைய சோற்றை நினைத்து நின்ற மனுசன். இதுவரை காட்டப் போன இடமெல்லாம் அவர்களுக்கு என்னைப் பிடிக்குமா என்றுதான் கவலை. எனக்கு ஒருவரைப் பிடித்தது அன்றைக்குத்தான். ஈரத்தோடு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது, திரும்பி ஓடிவிட்டேன்.

அது எங்கள் பக்கத்து வெள்ளைக்காரரின் விமானம்தானாம். யாரோ சொன்னதும் சனம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. காட்டுக்குள்ளிருந்து முன்வீட்டுப் பிள்ளை வந்தாள். உடம்பெல்லாம் முள்ளுக் கீறல். சுற்றியிருந்தது என்னுடைய மாம்பழச் சேலை. மாப்பிள்ளையின் தாய்தான் அவளைப் பிடித்துவைத்துத் தலையிலிருந்த முள்ளுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தா. அத்தனை பேருக்கு முன்னால் சேலையைக் கழற்று என்று சொல்ல முடியுமா? பற்றையில் மிச்சமிருந்த அவளுடைய வெள்ளைப் பருத்திச் சேலையை நான் உடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. சேலையையா பார்ப்பார்கள், முகத்தைத்தானே பார்ப்பார்கள் என்று மாமி அடக்கிவிட்டாள்.

இந்தத் தடவை மாமி ஒரு கிழமை காத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே வேலியடியில் வரும்போதே சத்தம் கேட்டது. பிள்ளையைப் பிடித்துவிட்டதாம், மாப்பிள்ளையும் ஓம் சொல்லிவிட்டாராம், சாதகமும் பொருத்தமாம். எந்தப் பிள்ளையை என்று கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது. கேட்டால், நாங்கள் காட்டத்தான் வந்தோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்குக் கேட்கத் தேவையுமில்லை. கிடாரத்தின் ஒரு காதை அவரும் மற்றக் காதை நானும் பிடித்திருக்க, அந்த ஓம் வேறு யாருக்காம்?

அந்த ஒரு மாதம் நான் சந்தோசமாக இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிணற்றடியில் பாட்டுக்கூடப் பாடினேன். அம்மா குசினியில் நின்று கேட்டுவிட்டு, கேட்காதமாதிரி இருந்தாள்.

பிறகு அவர்கள் முறைப்படி நாள் குறிக்க வீட்டுக்கு வந்தார்கள். தாயும் தாய்மாமனும் மட்டும். அப்பா முன் விறாந்தையில் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். குசினியில் வடை சுட முன்வீட்டுப் பிள்ளை வந்திருந்தாள். நான் கோப்பித் தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அந்த அம்மா கோப்பியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தா.

“மற்றப் பிள்ளை எங்கை?”

“எங்களுக்கு ஒரு பிள்ளைதானே,” என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து அவள் வடைத் தட்டோடு வெளியே வந்தாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததையும் அடுத்த நொடியே அது விறைத்ததையும் நான் மிக அருகில் நின்று பார்த்தேன். தாய்மாமன் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். அப்பாவும் பேசினார். வடை நன்றாக இருக்கிறது என்றார்கள். கோப்பியைக் குடித்து முடித்து எழும்பும்போது அந்த அம்மா என் தலையைத் தடவினா. “இந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளைதான்,” என்றா. நல்ல மனுசி, இரக்கத்தோடுதான் சொன்னா. என்னை அதைவிடக் கேவலப்படுத்திய வார்த்தையை நான் பிறகு யாரிடமும் கேட்டதில்லை.

இரண்டு நாள் அப்பா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சால்வையைப் போட்டுக்கொண்டு தானே முன்வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு வந்த நல்ல இடம் எங்களால் கெட்டுப்போகக் கூடாது என்பது அவருடைய நியாயம். என்னை யாரும் கேட்கவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், தனக்கு வேண்டாம் என்றாள். நானும் அழுதேன். நாங்கள் அழுதுகொண்டிருக்கும்போதே அவளுடைய தாய் சாதகத்தைக் கொடுத்தனுப்பிவிட்டா. என்னுடையதைவிட நன்றாகப் பொருந்தியது.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாழ வருவது. ஆவணியில் கல்யாணம் முடிந்து அவர் எனக்கு நேர் எதிர்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இனி எந்தக் கடற்கரைக்கும் கோயிலுக்கும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்னபடியே இருந்தேன். சண்டை முடிந்தது, கிளாக்கர்மார் ஊரைவிட்டுப் போனார்கள், மாமியும் செத்துப்போனாள். நான் கட்டாமலே இருந்துவிட்டேன்.

முன்வீட்டில் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் என்னை மச்சாள் என்று கூப்பிடுவார், என் வீட்டுக் கூரை ஒழுகினால் தானே ஏறி ஓலை மாற்றுவார். தங்கமான மனுசன், அதுதான் பெரிய வேதனை. அவர் ஓம் சொன்னது எனக்குத்தான், சேலையால்தான் ஆள் மாறிப்போனது, வெளியே சொல்ல முடியாமல் அவரும் விதியே என்று இருக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் துரோகம் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நினைப்பில்தான் அத்தனை வருசமும் காலையில் எழும்பினேன்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அவர்கள் குடும்பத்தோடு கன்னியாவுக்குப் போவார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். இது காட்டுகிற பயணம் இல்லையே, போவேன். போனால் அந்தப் பழைய கதையை நான்தான் சொல்ல வேண்டும். மாமியின் நடை, விமானம், முள்ளுக்குள்ளிருந்து இவள் வந்த கோலம், எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கிடாரத்தை மட்டும் சொல்லமாட்டேன்.

ஒரு வருசம் மூத்த மகள் கேட்டாள், அப்படியானால் பெரியம்மா எந்தப் பக்கம் ஓடினீர்கள் என்று. வாய் தவறிச் சொன்னேனோ, சொல்ல வேண்டுமென்றே சொன்னேனோ தெரியாது. உங்கள் அப்பாவோடு சேர்ந்து சோற்றுக் கிடாரத்தை இறக்கினேன் என்றேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அது நீங்களோ மச்சாள்? நான் இவ்வளவு காலமும் அம்மா எண்டெல்லோ நினைச்சனான். நிமிர்ந்தே பார்க்கேல்லை, சோறு அடிப்பிடிச்சிடும் எண்ட பயம்.”

அப்படியென்றால் யாரைப் பார்த்து ஓம் சொன்னீர்கள் என்று என் கூட்டாளி கணவனைச் சீண்டினாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒருத்தரையும் பார்க்கவில்லையாம். மாம்பழச் சேலைப் பிள்ளை நல்ல பிள்ளை என்று தாய் சொன்னாவாம், ஓம் என்றாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளைகள், பெரியம்மா, விமானம் வந்ததை இன்னொருக்கால் நடித்துக் காட்டுங்கோ என்றார்கள். எழும்பி நின்று நடித்துக் காட்டினேன்.