கால் சுற்று

அப்பாவின் பழைய காருக்கு இன்று ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரங்களைத் திருப்பும் டை ராடையும் மாற்றும்போது எழுந்த கிரீஸ் வாசனையில், மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்ட புதுச்சத்திரத்துத் தகரக்கொட்டகை ஒர்க்‌ஷாப்பும், வெயிலில் தகரம் படபடவென விரியும் சத்தமும், ஞாயிறுதோறும் கிரீஸ் அடிக்க அங்கே வண்டியை நிறுத்தும் அப்பாவின் செருமலும் திரும்பி வந்தன. வலப்பக்கம் இழுக்கும் அந்த வண்டியை, ஸ்டியரிங்கை இடப்பக்கம் கால் சுற்று ஒடித்துப் பிடித்தே அவர் ஓட்டினார்.

"புதுசு மாத்தலாங்கப்பா" என்பேன்.

"நாம கொஞ்சம் ஒடிச்சுப் புடிச்சா அது நேராப் போவுது சாமி" என்பார்.

அவருக்குப் பிறகு நானும் அப்படியேதான் ஓட்டினேன்.

"இனிக் கைய உட்டாலும் நேராப் போகுமுங்கக்கா" என்றார் இன்று வேலையை முடித்த மெக்கானிக்.

மேம்பாலம் வருவதற்குள் மூன்று முறை வண்டியை இடப்பக்கம் மண்ணில் இறக்கிவிட்டேன். வண்டியில் கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றியாயிற்று. அந்தக் கால் சுற்றை என் கையிலிருந்து யார் கழற்றுவது?