வேலியோரத்துக் காட்டெருமை

போன மாதம் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒரு திருட்டு. திருடர் அகப்பட்டும் விட்டார். திருடனுக்கு என்ன மரியாதை என்கிறீர்களா? என்ன செய்வது... வயதில் மூத்தவர், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். திருடியதும் பிள்ளையாருக்காக!

திருட்டுப் போனது ஒரே ஒரு பூ.

துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் என் மைத்துனன், அமெரிக்கக் கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த விதை அது. பெயர் கெயிலார்டியா. அந்த நாட்டுப் புல்வெளிகளில் தானாக முளைப்பதாம். சூரியகாந்திக்குத் தங்கச்சி முறை. சிவப்பு இதழ், மஞ்சள் கரை — கூறைச் சேலை மாதிரி.

"இதுக்கு வெறும் மணலே காணும் அக்கா. பசளை, எரு ஒண்டும் போட்டிடாதை" என்று படித்துப் படித்துச் சொன்னான்.

என் மனைவி கேட்டால்தானே? "பட்டினி கிடக்கிற செடி பூக்குமோ?" என்று மீன் கழுவிய தண்ணீரும் ஆட்டெருவும் போட்டாள். பாத்தி முழுக்கக் கீரை மாதிரித் தழைத்தது. பிறகு சாய்ந்து படுத்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து சிந்தி, வேலியோர மணலில் கவனிப்பாரற்று முளைத்த ஒற்றைச் செடிதான் பூத்தது.

வருஷா வருஷம் பூக் கண்காட்சியில் வெறுங்கையோடு திரும்புகிறவள் அவள். இந்த முறையாவது ஒரு பரிசு வாங்கிவிடத் துடித்தாள், பாவம். அதற்கு ஒரு ஜாடி நிறையப் பூ வேண்டும். இருந்ததோ ஒன்று. மறுநாள் காலை அதுவும் இல்லை!

விடியற்காலையில் கூடையோடு அடுத்தவர் வேலியில் பூப் பறிக்கும் பக்தர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவுக்குச் சின்னத்தம்பியர். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பிள்ளையார் தலையில் கெயிலார்டியா!

சண்டைக்குப் போன மனைவி, தலையில் குட்டிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். சாமிக்குப் போன பூவுக்குக் கணக்குக் கேட்கலாமா?

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். பூத்ததையெல்லாம் பறித்தார். இவள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தாள். ஆனால் செடி என்ன செய்தது தெரியுமா? பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டு மொட்டாகத் தள்ளியது.

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "அங்கை இந்தப் புல்வெளியெல்லாம் காட்டெருமை மேயிற இடம். விதை கட்ட விடாமல் பறிச்சால் திரும்பத் திரும்பப் பூக்கும். உங்களுக்குச் சின்னத்தம்பியர் வாய்ச்சிருக்கிறார்!"

கண்காட்சி நாள். இருட்டோடு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். செடி கொள்ளாத பூ. பக்கத்தில்... கூடையோடு அவர்!

"ஐயா, இண்டைக்கு மட்டும் விடுங்கோ! கண்காட்சிக்கு வேணும்!" அழுதே விட்டாள்.

அவர் பூவைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை? பிள்ளையாருக்கு அறுகம்புல் காணும். நீ வெட்டு."

இரண்டாம் பரிசாக ஒரு கிண்ணம் கிடைத்தது. மனிதர்களிடம் வாய் திறந்து கேட்டால் பாதிச் சண்டை மிச்சம் என்பது என் கட்சி. அவளோ கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பரிசு கொடுத்த வெள்ளைக்காரத் துரைசாணி, "இவ்வளவு பூக்க என்ன உரம் போட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரை" என்று எப்படிச் சொல்வது?