பூத்ததும் புரட்டச் சொன்னவர்

செய்தி வெள்ளவத்தை ஸ்டேஷனில் கிடைத்தது. கோட்டைக்குப் போகும் காலை ரயிலுக்கு நின்றபோது, கந்தோர்ச் சிநேகிதர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து, "இராசநாயகம் செத்துப்போனார், ஐசே. நெஞ்சு நோ. விடியவாம்" என்றார். ரயில் வந்தது, ஏறினேன். கந்தோருக்குப் போய் வரவு இடாப்பில் கையெழுத்தும் வைத்த பிறகுதான், கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்கல்லவா போகவேண்டும் என்று உறைத்தது. செக்கு மாட்டுக்கு வேறு வழி தெரியாது.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் வேலையும் தெரியும். ஆங்கிலத்தில் வரும் கமத்தொழில் ஆலோசனைகளைத் தமிழில் துண்டுப்பிரசுரமாக எழுதுவது. சாரம் போன மண்ணில் சணலோ பயறோ விதையுங்கள், பூத்ததும் செடியோடு மண்ணில் புரட்டுங்கள், நிலம் தேறும் என்று எத்தனை விதமாகத்தான் எழுதினார்! மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எதிர் மேசையிலிருந்த என்னிடம் தந்து வசனம் பார்க்கச் சொல்வார். கலியாண வாழ்த்துப்பா எழுதும் கையல்லவா எனக்கு.

ஒருமுறை வன்னிக் கமக்காரர் ஒருவர் அந்தத் தாளோடு நேரே வந்துவிட்டார். "பூத்து நிக்கிற பயிரை உழச் சொல்லுறியள். அரிசிக்கே கூப்பன் குடுக்கிற காலம். நீங்கள் ஒருக்காவாவது உழுதிருக்கிறியளோ?"

"இல்லை" என்றார் இராசநாயகம்.

உண்மை சொன்ன உத்தியோகத்தரை இன்றைக்குத்தான் கண்டேன் என்று சிரித்துவிட்டு அந்த மனிதர் போனார். இவர் சிரிக்கவில்லை. வன்னியிலிருந்த அரசாங்கப் பண்ணைக்கு மாற்றம் கேட்டு அந்தக் கிழமையே விண்ணப்பித்தார். தமிழில் எழுத வேறு ஆளில்லை என்று மறுத்துவிட்டார்கள். பிறகு வருடந்தோறும் அதே விண்ணப்பம், அதே பதில்.

போக விடாவிட்டால் என்ன என்று வாடகை வீட்டின் பின்வளவைக் கொத்தினார். செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த மண். புல்லே மஞ்சளாக நின்றது. சணல் விதைத்தார். பூக்கும்போது, "பயறு போட்டிருந்தா சட்டிக்காவது வந்திருக்கும்" என்று மனைவி முணுமுணுக்க, மண்வெட்டியால் புரட்டினார். மூன்றாம் தரம் புரட்டிய பிறகு அங்கே கத்தரி காய்த்தது. ஒருநாள் அரசாங்கக் கடித உறையில் சணல் வேரொன்றைக் கொண்டுவந்து, அதில் மண்ணுக்கு உரம் சேர்க்கும் சின்ன முடிச்சைப் பேனாக் கத்தியால் பிளந்து காட்டினார். "உள்ளுக்குச் சிவப்பைப் பாரும். வேலை செய்யுது. எங்களை வெட்டிப் பாத்தா என்ன நிறம் இருக்குமோ தெரியாது."

இனிச் சொல்லப்போவது அவரைப் பற்றியல்ல, என்னைப் பற்றி. போன வருடம் அவருடைய விண்ணப்பம் எங்கள் கந்தோர்த் துரையின் மேசையில் இருந்தபோது துரை என்னைக் கூப்பிட்டு, இந்த வேலையை வேறு யாராவது செய்வார்களா என்று கேட்டார். செய்வேன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் ஆயுளுக்கும் அந்த நாற்காலிதான் என்பதும் தெரியும். "அப்படி ஒருவரும் இல்லை, ஐயா" என்றேன். திரும்பி வந்ததும், "துரை என்ன கேட்டவர்?" என்றார் இராசநாயகம். "ஒண்டுமில்லை" என்றேன். வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். பின்வளவில் சணல் மஞ்சளாகப் பூத்து நின்றது. அவர் மனைவி மண்வெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "பூத்தா வைச்சிருக்கக் கூடாது எண்டுவார். எனக்கு ஏலாது, தம்பி." நான் புரட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் சொன்னார். "உங்களைப் பற்றி இவருக்கு எத்தினை தரம் சொன்னனான், 'அந்தத் தம்பியின்ர பேரைத் துரையிட்டைச் சொல்லுங்கோ, அவர் நல்லா எழுதுவார், உங்களை வன்னிக்கு விடுவினம்' எண்டு. 'அந்த மனுசனையும் ஏன் கட்டிப்போடுவான்' எண்டு விட்டிட்டார்."

மிச்சச் சணலையும் புரட்டி முடித்தேன்.

இப்போது அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். தமிழ் நன்றாக வருமாமே என்று சொல்லி, அவர் பாதியில் விட்ட துண்டுப்பிரசுரத்தைத் துரை என்னிடம் தந்துவிட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாளும், மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு கடித உறை சணல் விதையும். அவர் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். வன்னிப் பண்ணையில் அவர் கேட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.