அந்தத் தகடு என் கைவேலை

மேனாம்பேட்டில் மழைத்தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் வீடு கட்டினேன். அங்கே போய்க் கட்டுகிறானே என்று சிரித்தவர்கள், பெருமழை வந்தபோது என் மொட்டை மாடிக்குத்தான் பாயோடு ஏறி வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதி நாள் கரண்ட் இல்லாத காலத்தில், யாரோ காயலான் கடைக்குப் போட இருந்த, தகடு வெட்டுகிற பிரஸ்ஸை வாங்கிப் பட்டறை வைத்தேன். என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளித்த வங்கி மேனேஜரின் வாசல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டபோது, அவரைக் குனியாமல் உள்ளே போக வைத்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வாத்தியார் வெளியே போய் நில் என்றார். நான் நிற்கவில்லை, நடந்து வந்துவிட்டேன்.

இதற்கெல்லாம் எனக்குப் பெயர் வேண்டாம். நான் கேட்பது ஒரே ஒரு அலுமினியத் தகட்டுக்கு.

என் இளைய மகளுக்கு ஸ்கூட்டர் விபத்தில் கழுத்தில் அடிபட்டது. தோளும் முழங்கையும் பிழைத்தன, விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. பெரிய பெரிய எழுத்துக் கட்டைகள் வைத்த கீபோர்டு ஒன்று வாங்கினோம். உள்ளங்கையில் பட்டை கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகி, நுனியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவாள். ஆனால் கை சோர்ந்து கீழே விழுந்தால் பத்து எழுத்து சேர்ந்து அமுங்கும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் மூடி இதற்குப் பொருந்தவில்லை. நான் அளவெடுத்தேன். ஒவ்வொரு கீக்கும் நேராக ஓட்டை வெட்டி, ஓரத்தில் சிலாம்பு குத்தாமல் அரம் போட்டுத் தேய்த்து, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ வைத்து மேலே மாட்டினேன். கை தகட்டின் மேல் ஓய்வாகக் கிடக்கும், குச்சி மட்டும் ஓட்டைக்குள் போகும்.

அந்தக் கீபோர்டில் மூன்று மாதம் பழகி, ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்குப் பதில் தட்டுகிற வேலை. விபத்துக்குப் பிறகு அவளைக் கூப்பிட்ட முதல் கம்பெனி அதுதான். விஜயதசமிக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தேர்வு. அவர்கள் கேள்வி அனுப்புவார்கள், இவள் உடனுக்குடன் பதில் அடிக்க வேண்டும். பிழை அதிகமானால் வேலை இல்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட் பக்கம் பிழைக்கிறவன் வீட்டில் அன்றைக்குப் பொட்டு இல்லாத பொருள் இருக்காது. பிரஸ், வண்டி, மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாம் வரிசையாக நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்றன. என் மனைவி வாட்டர் ஃபில்டரையும் விடவில்லை. கடைசியில் மகளிடம் வந்து, "உன் ஆய்தம் இன்னாடி, இத்தானே?" என்று கீபோர்டுக்கும் வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் சாயங்காலம் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து மகளிடம் கொடுத்தாள்.

அன்றிரவே தகராறு. ஷிஃப்ட்டை ஒரு குத்து குத்திவிட்டு அடித்த முதல் இங்கிலீஷ் எழுத்து ஜம்மென்று கேபிடலாக வந்தது. பிறகு எதைக் குத்தினாலும் திரையில் ஒன்றும் விழவில்லை. 'கூய்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் மாப்பிள்ளையை வரச் சொன்னோம். பெரிய மகளின் வீட்டுக்காரர். கோயம்புத்தூர்க்காரர், ஐடியில் இருக்கிறார், பருத்திப்பட்டு ஏரி தெரிகிற ஃபிளாட்டில் குடியிருக்கிறார். ஏரி தெரிகிறது என்பதை ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.

"ஒண்ணும் பயப்படாதீங்க மாமா, செட்டிங்குதானுங்க. ஷிஃப்ட்டை ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சா கம்ப்யூட்டரே இதை ஆன் பண்ணிக்கும். அப்புறம் சட்டுன்னு தட்டுற எழுத்தை எடுத்துக்காதுங்க."

"நான் எங்க மாமா அமுக்கிப் புடிச்சேன்? ஒரு குத்துதான் குத்தினேன். அந்தக் கீ மேல வர்ல, ஒட்டிகினு கீது" என்றாள் மகள்.

அவர் காதில் அது ஏறவில்லை. என்னென்னவோ தட்டிச் சரிசெய்தார். மகள் குச்சியால் அந்தக் கீயை நெம்பிவிட்டு ஒரு வரி அடித்தாள், வந்தது. அடுத்த வரியின் முதல் எழுத்தோடு மறுபடி 'கூய்'. மாப்பிள்ளை அந்த வசதியையே அடியோடு நிறுத்தினார். இப்போது எழுத்தெல்லாம் வந்தன, ஆனால் எல்லாமே பெரிய எழுத்து. பொறுமையாக விசாரிக்கிற வாடிக்கையாளரிடம் தொண்டை கிழியக் கத்துகிற மாதிரி இருந்தது.

"அதத்தான் சொல்றேன், கீ ஒட்டுது" என்றாள் மகள்.

"இரும்மா, டிரைவர் பிரச்சினையா இருக்கும்" என்றார்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதைக் கழற்றி மறுபடி போட்டார். கம்ப்யூட்டர் ஒருமுறை தூங்கி எழுந்தது. பத்து மணி ஆயிற்று. பூஜையறையில் மனைவியின் மணிச் சத்தம் கூடிக்கொண்டே போனது. மகள் குச்சியால் தகட்டின் ஓரத்தை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஒருவேளை மாமாவோட தகடு இடிக்குதோ என்னமோங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா மாப்ள, செட்டிங்குன்னீங்க, டிரைவர்ன்னீங்க, இப்போ என் தகடா? ஒரு மயிரிழை இடிக்காது. கயிட்டிக் காட்டட்டா?"

"கயிட்டு நைனா, அதத்தான் காலைலேர்ந்து சொல்லிகினு கீறேன்" என்றாள் மகள். "வலது மூலைல கீற ஷிஃப்ட்டு. அதுமட்டும் கல்லு மாதிரி கீது."

ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப்பையிலேயே இருக்கும். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். தகட்டுக்கு அடியில் உரசல் இல்லை, கீறல் இல்லை. என் தகடு சுத்தம். அதை எல்லோரும் பார்க்கும்படி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். பிறகுதான் அந்த மூலைக் கீயைக் குச்சியால் அமுக்கச் சொன்னேன். போனது, திரும்பவில்லை. மெல்ல நெம்பி எடுத்தேன். அடியிலும் சுற்றிலும் மஞ்சளாக, சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போன சந்தனம்.

எல்லோரும் பூஜையறைப் பக்கம் திரும்பினோம்.

"எய்த்து மறஞ்சிடக் கூடாதேன்னு மூலைல வெச்சேன்" என்றாள் மனைவி. "கொஞ்சம் தண்ணியா பூட்சி. இன்னா இப்போ, சாமிக்குத்தானே வெச்சேன்?"

பொட்டு தண்ணியாக வழிந்து இடுக்கில் இறங்கியிருக்கிறது. ஈரத்துணி போட்டுத் துடைத்ததில் மிச்சமும் உள்ளே போய்விட்டது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுரண்டினேன். மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். அதையும் நன்றாகவே பிடித்தார், சொல்லாமல் விடக்கூடாது. கீயை மாட்டி, தகட்டையும் மாட்டினேன். மகள் குத்தினாள். டக்கென்று போய் டக்கென்று வந்தது. மாப்பிள்ளை தான் மாற்றிய செட்டிங்கை எல்லாம் பழையபடி ஆக்கினார்.

பதினொன்றுக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது பட்டை கட்டிய இடம் சிவந்திருந்தது. "கடசி வரைக்கும் ஒட்டல நைனா" என்றாள். அடுத்த வாரம் வேலை கிடைத்தது.

கிடைத்ததும் ஆளுக்கொரு கதை. மாப்பிள்ளை தன் ஆபீசில், ஒரு சின்ன ஹார்டுவேர் சிக்கலைத் தான் தீர்த்துவைத்ததாகச் சொல்லியிருக்கிறார். என் மனைவியோ தெருவில் நிற்கிறவர்களிடமெல்லாம், அந்தச் சந்தனம் வைத்த ராசிதான் வேலை வந்தது என்கிறாள். வேலையைக் கெடுக்க இருந்ததே அந்தச் சந்தனம்தான் என்றால், என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.

போதாததற்குக் கம்பெனி தன் உள்பத்திரிகையில் மகளைப் பற்றி ஒரு பக்கம் போட்டது. படத்தில் பாதி என் தகடுதான். எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் டிரில் வழுக்கிய சின்னப் பள்ளம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. கீழே, 'தொழில்நுட்பம் தந்த சிறகு' என்று எழுதியிருக்கிறார்கள். சிறகா? பதினாறாம் கேஜ் அலுமினியம் ஐயா அது. பறக்காது. கை விழாமல் தாங்கும்.

அடுத்த முறை அந்தப் படத்தைப் போடுகிறவர்கள் கீழே ஒழுங்காகப் போடட்டும். முதல் வரி: கீ ஒட்டுகிறது என்று காலையிலிருந்து சொன்னது, இவள். இரண்டாவது வரி: தகடு செய்தது, கழற்றியது, மாட்டியது, இவள் அப்பா, மேனாம்பேடு. இடம் மிச்சமிருந்தால் மூன்றாவது வரியில் டார்ச் பிடித்தவரையும் போட்டுக்கொள்ளலாம். சந்தனத்துக்கு வரி கிடையாது.