இரண்டு துளையிட்ட கடிதம்

எங்கள் வரவேற்பறை அலுமாரியில் பதினொரு கறுப்புக் கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே ஜெர்மனியில் ‘ஓர்ட்னர்’ என்பார்கள்; தடித்த அட்டை, உள்ளே இரண்டு இரும்பு வளையங்கள். இந்த நாட்டில் எனக்கு வந்த ஒரு கடிதமும் தொலைந்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். கடிதம் வந்தால் உறையைக் கிழிப்பேன், இரண்டு துளை போடுவேன், வளையத்தில் கோர்ப்பேன். முதற் கோப்பின் முதுகில் என் மகள் எட்டு வயதில் எழுதி ஒட்டிய துண்டு இன்னும் உரியாமல் இருக்கிறது: ‘அப்பா. முக்கியம்.’

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகதியாக வந்து இத்தாலியன் ஒருவனின் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, ஏழாம் வருடம் அதே உணவகத்தை என் பெயரில் எடுத்தேன். ஜெர்மன் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆனால் இலக்கம் என்றால் என்னை வெல்ல ஆள் இல்லை. எந்த மேசைக்கு எத்தனை தட்டு, எந்தத் திகதியில் எத்தனை பேருக்குக் கொண்டாட்டம், எல்லாம் தலைக்குள் நிற்கும். எழுத்து மட்டும் மகளின் வேலை. பள்ளிக்கூடப் பையை இறக்கி வைக்குமுன்னமே கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். வெளிநாட்டவர் அலுவலகம், வரி, வீட்டுக்காரன் என்று எல்லாருடைய கடிதத்தையும் அவள் விரல் வைத்து வாசித்து, தமிழில் சொல்லி, எங்கே ஒப்பமிட வேண்டும் என்றும் காட்டுவாள்.

அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த சிறிய ஹோக்சூலேயில், அதாவது தொழில்நுட்பக் கல்லூரியில், இயந்திரவியல் படித்தாள். வகுப்பில் இருபது பேர். ஒரு நாள் வரவில்லையென்றால் மறுநாள் பேராசிரியர் பெயர் சொல்லி விசாரிப்பாராம். இரண்டு வருடம் சிரித்துக்கொண்டே போய்வந்தாள். நான்தான் கெடுத்தேன். ஒரு பூப்புனித விழாவில், சோற்றுத் தட்டோடு நிற்கும்போது, தமிழ்க் கடை வைத்திருக்கிறவர் கேட்டார்: “அண்ணை, மகள் ஹோக்சூலேயோ? அது யூனி இல்லையெல்லோ? என்ர பெடியன் யூனி.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யூனி என்றால் பல்கலைக்கழகம்; நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் மகளை ஆஹென் நகரத்தில் உள்ள பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினேன். அவள் கேட்கவில்லை; நான் மாற்றினேன். இன்னொன்றும் செய்தேன். அறை ஆஹெனில் என்றாலும் யூனியின் கடிதங்கள் எங்கள் வீட்டுக்கே வரட்டும் என்று சொல்லி விலாசத்தை அப்படியே விடச் செய்தேன். யூனியின் முத்திரை பதித்த உறை என் தபால்பெட்டியில் விழுவதைத் தபால்காரன் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

முதல் கிழமை நானும் கூடப் போனேன். விரிவுரை மண்டபத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். எங்கள் கோயில் தேருக்குக்கூட அவ்வளவு சனம் வந்ததில்லை. இடம் கிடைக்காத பிள்ளைகள் படிகளில் குந்தியிருந்தார்கள். கீழே பேராசிரியர் ஒரு பெருவிரல் அளவில் தெரிந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மகள் கடைசிப் படியில் பையை மடியில் அணைத்தபடி இருந்தாள், தவறான பேருந்தில் ஏறிவிட்டவளைப்போல.

சிறிய இடத்தில் அவள் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் படித்தவள். இங்கே கரும்பலகை முழுக்கக் கணிதம். அதெல்லாம் முன்பே தெரியும் என்று எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். யாரிடம் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது தாயிடம் சொன்னாளாம்: “அம்மா, திங்கள் துவங்கி வியாழன் வரைக்கும் என்னோட கதைச்சது பஸ்ஸில தரிப்பிடம் சொல்லுற குரல் மட்டும்தான்.” மனைவி என்னைப் பார்த்து, “பிள்ளை மெலிஞ்சு போச்சு, விளங்குதோ?” என்றாள். யூனிக்காரர் மெலிவுதான் என்று நான் பகிடி விட்டேன்.

பரீட்சை முடிவுகளைச் சுவரில் ஒட்டுவார்கள். பெயர் இருக்காது, இலக்கம் மட்டுமே. நானும் நின்றேன். நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்குள் மகளின் இலக்கத்தை அவளுக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டு, “இந்தா, இதெல்லோ!” என்று கத்தினேன். பக்கத்தில் எழுதியிருந்ததை வாசிக்க எனக்குத் தெரியாது. அவள் மெல்லச் சொன்னாள்: “ஓம் அப்பா. கத்தாதேங்கோ. பெயில்.”

இரண்டாம் முறையும் தவறியது. ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பை இந்த நாட்டில் வேறெங்கும் தொடர விடமாட்டார்கள் என்று அப்போதுதான் விளக்கினாள். விளக்கிவிட்டுக் கேட்டாள்: “அப்பா, இப்பவே விட்டுட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகட்டோ? இப்பவெண்டால் எடுப்பினம்.”

“திரும்பிப் போறதெண்டால் நான் வந்த பிளேனிலயே திரும்பியிருப்பன்,” என்றேன். நல்ல பதில் சொன்னதாக அன்றைக்கு நினைத்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

மூன்றாவது பரீட்சை அன்று அவளுக்குக் கடும் காய்ச்சல். எழும்ப ஏலவில்லை. சுகமில்லையென்று டாக்டரிடம் துண்டு எழுதி வாங்கி யூனிக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த தவணையில் எழுதலாம் என்று நம்பியிருந்தாள். அந்த மாதம் வீட்டுக்கு வரவில்லை. அறையிலேயே இருந்து படித்தாள். அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. நல்ல தாள், மேலே முத்திரை. உறையைக் கொண்டுபோய்த் தமிழ்க் கடையில் காட்டினேன். “யூனியில இருந்து,” என்றேன். “அண்ணைக்கென்ன, ராசா,” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து இரண்டு துளை போட்டு, பதினோராவது கோப்பில் கோர்த்து வைத்தேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு வந்தவள் அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து கோப்பைப் புரட்டினாள். ஓரிடத்தில் கை நின்றது. டாக்டரின் துண்டு போதாது, யூனியின் சொந்தப் படிவத்தில் எழுதி வாங்கித் தரவேண்டும், தவறினால் பரீட்சை தோல்வி என்று கணிக்கப்படும் என்பதுதான் கடிதம். அதற்குக் கொடுத்த கடைசித் திகதி எப்போதோ கடந்திருந்தது. அலுவலகம், ஆலோசகர், வக்கீல் என்று எல்லா இடமும் ஏறி இறங்கினோம். ஒன்றும் நடக்கவில்லை.

கடிதத்தைக் கண்ட அன்றைக்கு அவள் அழவில்லை. “எட்டு வயசில இருந்து உங்கட எல்லாக் கடிதத்தையும் நான் வாசிச்சனான் அப்பா,” என்றாள். “எனக்கு ஒண்டு வந்திருக்கெண்டு நீங்கள் போனில சொல்லியிருக்கலாம்.” பிறகு துளையிட்ட தாளை வளையத்தில் திரும்பக் கோர்த்து, கோப்பை மூடி, அதன் இடத்திலேயே நிமிர்த்தி வைத்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

இப்போது வேறு நகரத்தில் கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்கிறாள். தாயோடு கதைப்பாள். நான் போனை வாங்கினால், “சுகமோ அப்பா” என்பாள், அதற்குமேல் இல்லை. உணவகத்தை விற்றுவிட்டேன். கடிதங்கள் வந்தால் தெருமுனை மருந்துக்கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணிடம் வாசிக்கக் கொண்டுபோகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பதினோராவது கோப்பைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கடிதத்தை நானே வாசிக்க முயன்றேன். அகராதியில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடி அரைநாள் போயிற்று. பாதிச் சொல் விளங்கவில்லை. ஆனால் மூன்றாவது வரியின் நடுவில், மற்ற எழுத்தெல்லாவற்றையும் விடத் தடிப்பாக, ஒரு திகதி அச்சிட்டிருந்தார்கள். நாள், மாதம், வருடம். எல்லாம் இலக்கம். இலக்கம் வாசிக்க எனக்கு அன்றைக்கும் தெரியும்.