ஓடாத டயர் எங்கே தேயும்?

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி ஞாயிறு. திருவொற்றியூரில் நிற்கும் எங்கள் மீன் வறுவல் வண்டியை எண்ணூர் முகத்துவாரக்குப்பம் கோயில் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போன அன்று நடந்தது இது. வண்டி என்றால் தள்ளுவண்டி இல்லை. கூரை, கதவு, அடுப்பு மேடை எல்லாம் வைத்துக் கட்டிய இரண்டு சக்கர டிரெய்லர். வருடம் முழுக்கக் கடலோரம் ஒரே இடத்தில் நிற்கும். திருவிழா வந்தால் மட்டும் என் கணவரின் குட்டி யானை லோடு வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுப்போம்.

என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தண்ணீர் கேன் வாங்கினால்கூட மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார், பங்க்சர் கடையில் டயரை ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாம் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மசாலா தடவிய மீன் ஐஸ் பெட்டியில் காத்திருக்கிறது, இந்த மனிதருக்கு டயர் கவலை! முதல் நாள்தான் நான் ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல வண்டியைக் கழுவி, டயருக்கு இரண்டு கை கறுப்பு பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். புதுசு போலப் பளபளத்தது.

"ஓடாத டயர் எங்கய்யா தேயும்? எட்டு வருசமா நின்னுகினுதானே கீது" என்றேன். மனிதர் சாவியை எடுத்துக்கொண்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம்.

டிரெய்லருக்குள் என் தங்கை. சிலிண்டரும் எண்ணெய் டின்னும் உருளாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை உள்ளே உட்காரச் சொன்னது நான். கதவு ஆடுகிறதென்று வெளியே கொக்கி போட்டதும் நானேதான். போட்டுவிட்டு, முன் சீட்டில் கணவர் பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன்.

எண்ணூர் போகிற சாலை தெரியுமில்லையா? முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி. கொஞ்ச தூரம் போனதும் தங்கை போன் செய்தாள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, ரப்பர் கருகுகிற மாதிரி வாடை வருகிறது என்றாள். நான் எரிந்து விழுந்தேன். "சும்மா பேஜார் பண்ணாத. ஒண்ணும் இல்ல, புட்சிக்கினு உக்காரு" என்று போனை வைத்தேன். என்னவாம் என்று கேட்ட கணவரிடம், அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று முடித்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் டமார் என்று ஒரு சத்தம். டிரெய்லரின் வலது டயர் வெடித்து, வண்டி நடுரோட்டுப் பக்கம் சாய்ந்து இழுத்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் வந்த கன்டெய்னர் லாரி எங்கள் மேலேயே வருகிறது. அந்த டிரைவர் எப்படித்தான் பிரேக் அடித்தாரோ! டிரெய்லருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது.

ஓடிப் போய்க் கொக்கியை எடுத்தேன். வண்டி சாய்ந்ததில் இறுகிப்போய் அது லேசில் வரவில்லை. கதவைத் திறந்தால், தலையிலிருந்து கால்வரை எண்ணெயோடு, சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளைக் கீழே இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். கெட்ட வார்த்தையில் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவரோ வெடிக்காத இன்னொரு டயருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, நகத்தால் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே குதிகால் வெடிப்பு மாதிரி நெடுக வெடிப்பு.

"டயர் ஓடித்தான் கெடணும்னு இல்லம்மா. வெயில்லயும் உப்புக் காத்துலயும் சும்மா நின்னாலே செத்துடும். அத்த மூடி பெயின்ட் அட்ச்சு, உள்ள ஆளையும் வச்சு இட்டுகினு வர்றீங்களே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பின்னால் ஹாரன் கத்தக் கத்த, வண்டியை ஓரம் கட்டும்வரை கூடவே நின்றுவிட்டுத்தான் போனார். என் கணவர் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. அது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

திருவிழாவும் போச்சு, மீனும் போச்சு. அன்று சாயங்காலம் வீட்டில் தங்கையின் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டுக்கொண்டே, அப்போதும் அடங்காமல் அவளைத்தான் கேட்டேன்: அவ்வளவு வாடை வந்ததே, மறுபடி ஒரு போன் செய்வதற்கு என்ன என்று.

"நீதான் ஒண்ணும் இல்லன்னு சொல்டியேக்கா. அப்பால இன்னாத்துக்கு போன் பண்றது?" என்றாள்.

இப்போதெல்லாம் டிரெய்லருக்குள் ஆளை உட்கார வைப்பதில்லை. பங்க்சர் கடைக்காரர் இரண்டு டயரையும் தடவிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வண்டியை மாட்டுவதும் இல்லை. ஆனாலும், நான் சொன்ன ஒற்றை வார்த்தையை நம்பி அவள் அந்தக் கருகல் வாடைக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.